நடுத்தரக் கையும் தொடர் பந்தயமும்

டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கரில் முதல் சுற்றில் தொகையை உயர்த்தி ரெய்ஸ் செய்தவரே, ஃபிளாப் எனப்படும் மூன்று பொதுச் சீட்டுகள் விரிக்கப்பட்ட பின்னும் பந்தயம் கட்டுவார் என்று மேசையில் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இதுவே தொடர் பந்தயம். ஜோடியில்லாத இரண்டு சீட்டுகளை வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது அமைய 32.4 விழுக்காடு வாய்ப்புதான் உண்டு. எதிராளியின் நிலையும் பெரும்பாலும் இதுவே என்பதால், இருவருக்கும் ஒன்றும் அமையாதபோது துணிந்து கட்டுபவரிடம் பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், போய்ச் சேர்கிறது.

இதன் கணக்கு எளிது. பாட்டில் 60 சில்லுகள் இருக்கையில் 20 கட்டினால், எதிராளி நான்கு முறைக்கு ஒரு முறை ஃபோல்ட் செய்தாலே, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகினாலே, நட்டமில்லை. 60 கட்டினால் இரண்டுக்கு ஒரு முறை அவர் விலக வேண்டும். எதிராளிகள் இருவராகி, ஒவ்வொருவரும் 60 விழுக்காடு விலகுபவராக இருந்தாலும், இருவரும் சேர்ந்து விலகும் வாய்ப்பு 36 விழுக்காடாகச் சுருங்கிவிடும். கூட்டம் கூடிய பாட்டில் வெறுங்கையோடு கட்டுவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையில் ஏஸும் ராணியும் இருக்க, பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயத் தொகை வைக்கும் இடத்தில்) இருப்பவர் மட்டும் நம் ரெய்ஸுக்கு ஈடான தொகை வைத்துக் கால் செய்திருக்கிறார் என்று கொள்வோம். ராஜா-7-2 என மூன்றும் ஹார்ட், ஸ்பேட் என வெவ்வேறு வகையில் விழுந்தால், ஏஸ்-ராஜா போன்ற கைகள் ரெய்ஸ் செய்தவரிடமே அதிகம் இருக்கும் என்பதாலும், எதிராளியின் 10-9, 6-5 போன்றவை தவறிவிட்டன என்பதாலும், சிறு பந்தயம் நன்றாகவே செல்லும். அதே கைக்கு 9-8-7 விழுந்து அவற்றில் இரண்டு ஹார்ட்டாகவும் இருந்தால், அந்த ஃபிளாப் எதிராளியின் சீட்டுகளுக்கே அதிகம் பொருந்துகிறது. பந்தயம் கட்டாமல் செக் செய்வதே மேல்.

சிக்கல் நடுத்தரக் கையில்தான். ராஜா-9-4 ஃபிளாப்பில் ஏஸ்-9 வைத்திருப்பவர் பெரிதாகக் கட்டினால், 8-7 போன்ற தோற்கும் கைகள் ஓடிவிடுகின்றன, ராஜா வைத்திருப்பவர் மட்டும் தங்குகிறார். அதாவது, ஏற்கெனவே நம்மிடம் தோற்றுக்கொண்டிருந்தவரைத் துரத்திவிட்டு, நம்மை வென்றுகொண்டிருப்பவரிடம் பணம் செலுத்துகிறோம். கணிதவியலாளர் ஜான் வான் நியூமனும் பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944-இல் வெளியிட்ட நூலில் உள்ள போக்கரின் கணித மாதிரியும் இதையே காட்டியது: மிக வலுவான கைகளோடும், எதிராளியை ஏமாற்றும் பிளஃப்பாக மிக மோசமான கைகளில் ஒரு பகுதியோடும் பந்தயம் கட்டி, நடுவில் இருப்பவற்றோடு செக் செய்ய வேண்டும்.

ஆனால் அந்த மாதிரியில் இனி வரவிருக்கும் சீட்டுகள் என்று எதுவும் இல்லை. அதே ராஜா-9-4 ஃபிளாப்பில் கையில் 5-5 இருந்தால், எதிராளியின் 8-7 அடுத்து வரும் இரண்டு பொதுச் சீட்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முந்திவிடக்கூடும். ஆகவே, ஏஸ்-9-ஐவிட வலுக் குறைந்த 5-5-க்கே சிறு பந்தயம் கட்டி அவரை விரட்டக் காரணம் அதிகம். ஏஸ்-9-க்கு 8 அல்லது 7 விழுந்தாலும் கவலையில்லை.

செக் செய்ததால் கட்டுப்பாடு நிரந்தரமாகக் கைவிட்டுப் போவதுமில்லை. நான்காவது சீட்டாக 3 விழுந்து, எதிராளி மீண்டும் செக் செய்தால், ராஜா இருந்திருந்தால் பெரும்பாலும் இந்நேரம் கட்டியிருப்பார் என்று கொள்ளலாம். இப்போது ஏஸ்-9 கட்டும், பாட்டில் பாதி அளவுள்ள பந்தயத்தை 10-9, ஏஸ்-4 போன்ற கைகள் கால் செய்கின்றன. முந்தைய சுற்றில் பயனற்றதாக இருந்த பந்தயம் இந்தச் சுற்றில் வருமானம் தருகிறது.