பால் எடையும் தொற்று எண்ணிக்கையும்

2021 மே மாதம். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர் தோட்டத்து ஊர்களில் காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கைப்பேசியில் இந்தியாவின் எண் வந்துவிடும். ஒரே நாளில் 4,14,000 பேருக்கு கோவிட். சேலத்திலும் திருச்சியிலும் உறவு உள்ளவர்களுக்கு வயிறு கலங்கும். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 26 அன்று, மலேசியாவின் எண் 24,599. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் நாடு எவ்வளவோ தேவலை என்றுதான் தோன்றும்.

மக்கள்தொகையால் வகுத்தால் கணக்கு புரண்டுவிடும். இந்தியாவில் அன்று ஏறத்தாழ 139 கோடிப் பேர். பத்து லட்சம் பேருக்குச் சுமார் 300 தொற்று. மலேசியாவில் 3.26 கோடிப் பேர். பத்து லட்சத்துக்குச் சுமார் 750. அப்படியானால் மலேசியாவில்தான் நிலைமை மோசமா? அதுவும் அவசர முடிவுதான்.

தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுத்து வாங்கும் பால் ஸ்டோரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 30 கிலோ ரப்பர் பால் கொண்டுவருகிறார், இன்னொருவர் 35 கிலோ. கணக்கு எழுதும் கிராணி எடையோடு விடுவதில்லை. சிறு மாதிரி எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்தி உலர்த்தி நிறுத்தால்தான் உள்ளே எவ்வளவு ரப்பர் என்று தெரியும். முதல் பாலில் 35 சதவீதம் என்றால் 10.5 கிலோ ரப்பர். இரண்டாவதில் மழைத்தண்ணீர் கலந்து 25 சதவீதம் என்றால் 8.75 கிலோதான். கனத்த வாளியில்தான் சரக்கு குறைவு.

தொற்றில் இந்த மாதிரிச் சோதனையின் இடத்தில் நிற்பது உறுதி விகிதம்: நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்குத் தொற்று உறுதியாகிறது என்பது. ஒரு நாடு தேடிய அளவுக்குத்தான் கண்டுபிடிக்கும். இந்த விகிதம் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று 2020 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. 2021 மே தொடக்கத்தில் இந்தியாவில் அது 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மலேசியாவின் ஆகஸ்ட் விகிதம் அதைவிடக் குறைவு. எனவே பத்து லட்சத்துக்கு 300 என்ற இந்திய எண்ணுக்குப் பின்னால் சோதனைக்கே வராத பெருங்கூட்டம் இருந்தது.

பரவும் வேகத்தை ஒப்பிட வேறு வழி உண்டு. தேதியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் மொத்தத் தொற்று 100ஐத் தொட்ட நாளை முதல் நாளாக வையுங்கள். அன்றாட எண்ணை நம்ப வேண்டாம், ஏழு நாள் சராசரி எடுங்கள். ஞாயிறன்று ஆய்வகங்களில் வேலை குறையும், அந்த எண் அடுத்த ஓரிரு நாளில் சேர்ந்து வரும். பிறகு இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியால் வகுக்க வேண்டும். விடை 2 என்றால் தொற்று ஏழு நாளில் இரட்டிக்கிறது. 1.5 என்றால் 12 நாள், 1.25 என்றால் ஏறக்குறைய 22 நாள். 1க்குக் கீழே இறங்கினால் அலை வடிகிறது. இதில் மக்கள்தொகை குறுக்கே வராது. சோதனை அளவு திடீரென்று மாறாதவரை, பெரிய நாட்டையும் சின்ன நாட்டையும் நேருக்கு நேர் நிறுத்தலாம்.

இன்னொரு சிக்கல், ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரே தொற்று இரண்டு கூட்டத்தில் இரண்டு விதமாக ஓடலாம். சிங்கப்பூரில் 2020 ஏப்ரலிலிருந்து நோய் பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தங்குவிடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்; அவர்களில் தமிழர்களும் பலர். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெருக்கம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு முடிவில் அங்கே 58,000க்கும் மேற்பட்ட தொற்று, இறப்பு 29 மட்டும். நல்ல மருத்துவம் ஒரு காரணம். நோய் பிடித்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். கோவிடில் இறக்கும் வாய்ப்பு வயதோடு மடங்கு மடங்காக ஏறுகிறது. முதியோர் மிகுந்த இத்தாலியின் இறப்பு விகிதத்தை வயது பிரிக்காமல் இதன் பக்கத்தில் வைத்தால், அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

இறப்பாவது மறைக்க முடியாத கணக்குத்தானே என்று கேட்கலாம். தொற்று உச்சத்துக்கு இரண்டு மூன்று வாரம் பின்னால்தான் இறப்பு உச்சம் வரும். அது முதல் தடுக்கல். சோதனை செய்யாமல் வீட்டிலேயே இறந்தவர் பட்டியலில் சேர்வதில்லை. அது பெரிய தடுக்கல். இதற்காகத்தான் மிகை இறப்பு என்ற கணக்கு வந்தது. முந்தைய சில ஆண்டுகளில் அதே மாதத்தில் எல்லாக் காரணங்களாலும் சராசரியாக எத்தனை பேர் இறந்தார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் என்று பார்த்துக் கழிக்க வேண்டும். காரணம் என்ன எழுதியிருந்தாலும் ஆள் எண்ணிக்கை தப்பாது, இறப்புப் பதிவு ஒழுங்காக நடக்கும் இடங்களில்.

பெரு நாடு தன் இறப்புப் பதிவுகளையும் மற்ற மருத்துவ ஆவணங்களையும் புரட்டி, கோவிட் இறப்பை மறுபடி எண்ணியது. 2021 மே 31 அன்று அதன் அதிகாரபூர்வ எண் 69,342இலிருந்து 1,80,764 ஆனது. அதோடு மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிக இறப்பு கண்ட நாடு என்ற இடத்துக்கு, புதிதாக ஒரு அலையும் வராமலேயே, பெரு வந்துவிட்டது.