ஆறு மணியிலிருந்து மதுரை வரை

"இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?" என்று மனநல மருத்துவர் கேட்கிறார்.

"ஆறு மணிக்கு. ஆற்றில் இப்போது தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் மீன் எங்கே போகும்? மீனுக்கு இமை மூடாது, மீனாட்சிக்கும் மூடாது. அதனால்தான் அம்மா மதுரைக்குப் போய்விட்டாள்."

இது விளக்கத்துக்காக நான் எழுதிய பதில். ஆனால் மனச்சிதைவு என்கிற ஸ்கிசோஃப்ரீனியா நோய் உள்ளவர்களில் சிலரின் பேச்சு இப்படித்தான் தடம் மாறும். கேட்கிறவர்கள் இதை 'உளறல்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்ததோடு ஒரு தொடர்பு இருக்கிறது. ஆறு என்ற எண்ணிலிருந்து ஓடும் ஆறு, அதிலிருந்து மீன், மீனிலிருந்து மீனாட்சி, அங்கிருந்து மதுரை. கண்ணிகள் இருக்கின்றன, எங்கே போக வேண்டும் என்ற இலக்கு மட்டும் வழியில் தொலைந்துவிட்டது.

இந்த நோய்க்கு 1908-ல் பெயர் வைத்த சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், எண்ணங்களைக் கோக்கும் இழை தளர்வதையே இதன் மையம் என்று கருதினார். அவர் வைத்த கிரேக்கப் பெயருக்குப் 'பிளந்த மனம்' என்று பொருள். ஒரே ஆளுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்வது அதனால்தான். அது வேறு விஷயம், இந்த நோய் அல்ல.

இழை ஏன் தளர்கிறது? நம் எல்லோருடைய மூளையிலும் ஒரு சொல் தனியாக விழிப்பதில்லை. 'ஆறு' என்று காதில் விழுந்ததும் எண், நதி என்று எல்லாப் பொருளும் ஒரு நொடிக்குள் தலைகாட்டுகின்றன. பின்னால் வரும் 'மணிக்கு' என்ற சொல் வேண்டாததை அமுக்கிவிடுகிறது. நமக்கு அது நடந்ததே தெரியாது. மனச்சிதைவில் தளர்வது இந்த அமுக்கும் வேலைதான் என்று பல சோதனைகள் காட்டுகின்றன. 'சிங்கம்' என்ற சொல்லைப் பார்த்தபின் 'புலி'யை எல்லோரும் சட்டென்று அடையாளம் காண்பார்கள். சிந்தனை சிதறிய நோயாளிகளிடமோ, நடுவில் புலி வராமலே, சிங்கத்திலிருந்து, புலியின் உடம்பில் உள்ள 'வரிகள்' வரைக்கும் அந்த விழிப்பு பரவுவதைச் சில ஆய்வுகள் கண்டன.

மூளையின் மின்னலைகளிலும் இதன் தடம் தெரிகிறது. "சோற்றில் பெட்ரோல் ஊற்றிச் சாப்பிட்டான்" என்று கேட்டால், 'பெட்ரோல்' வந்து சுமார் 400 மில்லிநொடியில் நம் மூளையில் ஓர் அலை எழும். அங்கே 'குழம்பு' வந்திருந்தால் அந்த அலை சிறிதாகவே இருக்கும். பொருந்தும் சொல்லுக்கும் பொருந்தாத சொல்லுக்கும் உள்ள இந்த வித்தியாசம் மனச்சிதைவில் குறைந்துவிடுகிறது. எதிர்பார்த்ததும் எதிர்பாராததும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு போவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, யாரும் பேசாதபோதும் இந்த நோயாளிகளில் பலரின் காதில் கேட்கும் குரல்கள்? நாம் பேசும்போது, "இது நான் எழுப்பும் ஒலி" என்று மூளையின் பேச்சுப் பகுதி கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதனால் சொந்தக் குரலுக்குக் கேட்கும் பகுதி அடங்கியே பதில் தருகிறது. நோயாளிகளிடம் இந்த அடங்கல் குறைவு. மனதுக்குள் பேசிக்கொள்வதற்கும் இதே முன்னறிவிப்பு தேவை. அது வந்து சேராதபோது சொந்த எண்ணமே பிறர் குரலாகக் கேட்கிறது என்பது இன்றைய முக்கியமான விளக்கங்களில் ஒன்று. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் கூச்சம் வருவதில்லை அல்லவா? குரல் கேட்கும் நோயாளிகள் சிலருக்குத் தம் கை பட்டதும் பிறர் கை பட்டதும் ஒரே மாதிரி கூசியதை லண்டன் ஆய்வாளர்கள் 2000-ல் பதிவு செய்தார்கள்.

குரல் என்ன சொல்லும் என்பதில் ஊருக்கும் பங்கு உண்டு. மானிடவியலாளர் டான்யா லூர்மனும் உடன் பணியாற்றியவர்களும் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் நோயாளிகள் தலா 20 பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்கள் பலர் வன்முறைக் குரல்களைச் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். வீட்டு வேலையைச் செய்யச் சொல்வது, கண்டிப்பது, திட்டுவது என்று வீட்டுப் பெரியவர்களைப் போலவே அவை பேசின. எல்லாம் அன்பான குரல்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த குரல்கள்.

பேச்சு பெருகி ஓடுவது கண்ணில் படும். வற்றிப்போவது அவ்வளவாகப் படாது. "சாப்பிட்டாயா?" "ம்." "என்ன சாப்பிட்டாய்?" "சோறு." அதற்கு மேல் ஒன்றும் வராது. மாத்திரைகள் குரல்களையும் சிதறலையும் பெரும்பாலும் தணிக்கின்றன, இந்த வறட்சியை அவ்வளவாகத் தொடுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இது வீம்பாகவோ சோம்பலாகவோ தெரிகிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர், மனதில் சொல் திரளாமல் உட்கார்ந்திருக்கிறார்.