வெண்கதிர் வந்த பிறகு தேடாதீர்கள்

நெல் வயலில் வெளுத்துப் பதராய் நிற்கும் வெண்கதிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம் சார்?" என்று கேட்பவர்களிடம் ஒவ்வொரு சம்பாவிலும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதிர் இனி மணி பிடிக்காது. அதைக் கெடுத்த குருத்துப்பூச்சியின் புழு தண்டுக்குள் இருக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவது அரிது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். சில வாரங்களுக்கு முன்பு அதே பூச்சி இலை நுனியில், விரலால் கிள்ளி எடுக்கக்கூடிய முட்டைக்குவியலாக இருந்திருக்கும்.

குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி, நெல் இலையின் நுனிப்பக்கம் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று நுனியில் உள்ள ரோமங்களால் மூடிவிடும். பார்ப்பதற்கு மங்கிய மஞ்சள் நிறப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். பொரிக்க 5 முதல் 8 நாட்கள். பொரித்த குஞ்சுப்புழு நூலில் தொங்கிக் காற்றோடு பக்கத்துத் தூருக்குப் போய்த் தண்டைத் துளைத்துவிட்டால், நம் கைக்கு அது சிக்காது. யூரியாவை அள்ளிப் போட்டுக் கரும்பச்சையாக வளர்த்த வயலைத் தாய் அந்து அதிகம் நாடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாற்றில் உள்ள முட்டைகள் நடவு வயலுக்குப் போகாமல் தடுக்கும் எளிய வழி, பறித்த நாற்றை முடிகளாக, அதாவது சிறு கட்டுகளாகக் கட்டும்போதே இலை நுனியைக் கிள்ளிவிடுவது. இயந்திர நடவு வந்தபின் இந்தக் கைவேலை பல ஊர்களில் மறைந்துவிட்டது. அங்கே வயலில் இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும். சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல் தென்பட்டால் அலட்சியம் கூடாது.

கிள்ளிய நுனிகளை உடனே எரித்துவிடாதீர்கள். அந்த முட்டைகளுக்குள்ளேயே ஒட்டுண்ணிக் குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கலாம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் தட்டில் ஒரு சட்டியை வைத்து அதில் போட்டால், குளவி பறந்து வயலுக்குப் போய்விடும். புழுவால் தண்ணீரைக் கடக்க முடியாது.

டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற கடுகைவிடச் சிறிய குளவி, குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. நட்ட 30, 37ஆம் நாட்களில் இந்தக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டைகளை ஹெக்டேருக்கு 5 சிசி (முட்டைகளின் கன அளவு) வீதம் கட்டுங்கள். அட்டை கட்டும் நாட்களில் பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் சாவது குளவிதான். பணம் கொடுத்து வாங்கியதை நாமே கொல்வதாகிவிடும்.

நிலக்கடலைக்கு வரப்போரம் ஆமணக்கு நடச் சொல்வதும் பூச்சியை முட்டையிடும் இடத்திலேயே மடக்கத்தான். இலைகளைத் தின்னும் புரோடீனியா புழுவின் தாய் அந்து ஆமணக்கு இலையை விரும்பி முட்டையிடும். சல்லடையாகச் சுரண்டிய இலையைப் புழுக்கூட்டத்தோடு பறித்து அழித்துவிடலாம். தென்னையில் சிவப்புக் கூன்வண்டு காயம்பட்ட இடத்தைத் தேடி முட்டையிடுகிறது. ஆகவே பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால், மரத்தை ஒட்டி வெட்டாமல் நான்கு அடி விட்டு வெட்டுங்கள்.