வீட்டை விற்கும் முன் எதற்குச் செலவு செய்யலாம்?

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் தொழில். வீட்டை விற்க நினைப்பவர்கள் பலரும் கேட்பது, "மாடுலர் கிச்சன் போட்டால் விலை கூடுமா சார்? ஃபால்ஸ் சீலிங்?" என்றுதான். பார்க்க நன்றாக இருக்கும், சரி. ஆனால் போட்ட பணம் முழுதாகத் திரும்பி வருவது அபூர்வம். புதிதாகக் குடிவருபவர் தன் ரசனைக்கு முதலில் மாற்றுவதே அதைத்தான். தனி வீடு என்றால் விலையில் பெரும்பங்கு மனைக்கு. கட்டடத்துக்கு வயதைப் பார்த்துத் தேய்மானம் கழித்துவிடுவோம்.

விலையை இறக்குவது தண்ணீர்க் கசிவு. வாங்க வருபவர் கூடவே ஒரு மேஸ்திரியை அழைத்து வருவார். அந்த மேஸ்திரி ஹாலில் நிற்க மாட்டார். பாத்ரூம் சுவரின் மறுபக்கம் போய், தரையை ஒட்டிப் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். மாடி பாத்ரூமுக்குக் கீழே உள்ள சீலிங்கைக் கம்பால் தட்டுவார். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்டால், கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைப் பிளந்திருக்க வாய்ப்புண்டு. அப்புறம் பேரம் வேறு மாதிரி போகும். சேதம் எவ்வளவு என்று தெரியாத பயத்தில், பழுதுபார்க்க ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே குறைத்துக் கேட்பார்கள்.

அதனால் முதல் செலவு மொட்டைமாடிக்கு. தட்டோட்டின் (மாடித் தரையில் பதித்த ஓடு) இணைப்புகள் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில், ஓட்டுக்கு அடியில் உள்ள சுண்ணாம்பு, செங்கல் கலவையான சுருக்கி வரை பெயர்த்து, மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர்ப்ரூஃபிங் செய்து, ஓடு பதிப்பதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் கசிகிறதா என்று சோதியுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பாத்ரூமுக்கும் இதே தண்ணீர் சோதனைதான். தயவுசெய்து ஓதத்தின் மேல் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால் மேஸ்திரி நேராக அங்கேதான் போவார்.

மாடியில் ஒரு அறை கட்டினால் விலை ஏறும் என்று நினைக்கிறீர்களா? பிளான் அப்ரூவல் இல்லாமல் கட்டினால், வங்கி மதிப்பீட்டில் அந்த அறை பெரும்பாலும் கணக்கிலேயே வராது. கடன் வாங்கித்தான் வாங்குவேன் என்பவர் விலகிப்போகவும் கூடும். கட்டுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு எல்லாம் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சொற்பச் செலவில் முடிகிற வேலை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், அடைத்துக் கிடக்கும் தொட்டியைத் தூர்வாரிவிடுங்கள்.

செலவுக்கெல்லாம் பில் வாங்கி, பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். அறை கட்டியது போன்ற நிரந்தர மேம்பாட்டுச் செலவை, விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது விற்ற லாபத்துக்கு வரி போடும் கணக்கில், கழித்துக்கொள்ளலாம். பெயின்ட் போன்ற வழக்கமான பராமரிப்பு இதில் சேராது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்கும் வீட்டுக்கு, இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்திருந்தால், லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சலுகை (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப ஏற்றிக் கணக்கிடுவது) கிடையாது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் அந்தச் சலுகையோடு கூடிய பழைய 20 சதவீத முறையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லி, பில்களை உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.