ஒரு பக்கம் மெல்லக் கேட்கிற வால்வு அம்பிளிபயர்: அடித்தட்டைத் திறக்க முதல்

"அண்ணை, வலப்பக்கம் மட்டும் மெல்லமாய்க் கேக்குது. புது வால்வு போட்டும் சரிவரேல்லை." வட்டக்கச்சியிலிருந்து வந்த தம்பி, தானே செய்த ஸ்டீரியோ அம்பிளிபயரை மேசையில் வைத்துச் சொன்னார். பக்கத்துக்கு இரண்டு வால்வு: ஒரு ஈசிசி83, ஒரு இஎல்84. அலுமினியத் தட்டில் துளை போட்டு நேர்த்தியாகச் செய்திருந்தார்.

வால்வு என்பது சத்தத்தைப் பெருக்குகிற கண்ணாடிக் குழாய். அது தேய்கிற சாமான், அதில் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அதைத் தீர்க்கக் காசு தேவையில்லை. நிற்பாட்டிவிட்டு, பாட்டு வருகிற வயரை இடம் வலம் மாற்றிக் கொடுங்கள். மெல்லிய சத்தம் மற்றப் பக்கம் போனால் பிழை அம்பிளிபயருக்கு வெளியே. ஸ்பீக்கரையும் அப்படியே மாற்றுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் ஓடவிட வேண்டாம், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும். அப்புறம் ஆறவிட்டு, ஒவ்வொரு சோடி வால்வாக இடம் மாற்றுங்கள். பிழை வால்வோடு போனால் வால்வு. அங்கேயே நின்றால் வால்வு செருகுகிற சொக்கற்றில் அல்லது சுற்றில்.

இதுவரை மேலால் செய்கிற வேலை. அடித்தட்டைக் கழற்றும்போதுதான் எனக்குப் பயம். வன்னியில் என் வயதுக்காரர் தொழில் பழகியது கரன்ட் இல்லாத காலத்தில். சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்டோம். 6 வோல்ற், 12 வோல்ற் வயரை வெறுங்கையால் பிடித்தே பழகினோம். அந்தக் கைப்பழக்கம் எங்களிடம் பழகிய பொடியளுக்கும் வந்திருக்கிறது. வால்வு அம்பிளிபயருக்குள் இருப்பது 250, 300 வோல்ற் டிசி. பிளக்கைக் கழற்றினாலும் அது, மின்னைச் சேர்த்து வைக்கிற பெரிய கொண்டென்சருக்குள் நிற்கும். வால்வு சூடாக இருந்தால் அதன் வழியே வடியும். வால்வு இல்லாமல் போட்டுப் பார்த்தால் வடிய வழியே இல்லை. தம்பி அப்படித்தான் வரும் முன் போட்டுப் பார்த்திருந்தார். வந்தபின் தேத்தண்ணி குடித்துவிட்டு மீற்றர் வைத்தோம்: 210 வோல்ற். அவர் முகம் மாறிப்போனது.

ஸ்குரூட்ரைவரால் தட்டி வடிக்க வேண்டாம். கரன்டை மட்டுப்படுத்துகிற 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்ரர் ஒன்றுக்கு நல்ல உறை போட்ட வயரும் கிளிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு முனையைச் சசியில், அதாவது அம்பிளிபயரின் உலோகத் தட்டில், கொழுவி, மற்ற முனையைக் கொண்டென்சரின் பிளஸ்ஸில் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீற்றரால் பாருங்கள். ரெசிஸ்ரரை நம்பிவிட்டு மீற்றரை மறக்கிறவர்தான் அடி வாங்குகிறார். ஓடும்போது அளக்க வேண்டுமென்றால் கறுப்பு வயரைச் சசியில் கொழுவிவிட்டு, ஒரு கை மட்டும் உள்ளே போகட்டும். மாரியில் சீமெந்துத் தரை ஈரமாயிருக்கும், செருப்பில்லாமல் நிற்க வேண்டாம். வீட்டில் ஆளில்லாத நேரமும் வேண்டாம்.

சரி, பிழைக்கு வருவோம். ஸ்டீரியோவில் நல்ல பக்கம்தான் உங்கள் வரைபடம், இரண்டையும் ஒப்பிட்டு அளந்தால் போதும். எங்களுக்கு எல்லா வோல்ற்றும் சரிசமன். அதுவே துப்பு. ஈசிசி83-இன் கதோட் (வால்வுக்குள் எலக்ட்ரானை விடுகிற முனை) ரெசிஸ்ரரோடு சேர்ந்த கொண்டென்சரின் தொடுப்பு விட்டுப்போனால் டிசி அளவு மாறாது, பெருக்கம் மட்டும் குறையும். பிளேட்டில் (எலக்ட்ரானை வாங்குகிற முனை) 100 கிலோஓம், கதோட்டில் 1.5 கிலோஓம் ரெசிஸ்ரர் என்றால் பெருக்கம் ஏறத்தாழ அரைவாசிக்கு இறங்கிவிடும். காய்ந்த மூங்கில் குச்சியால் அந்தக் கொண்டென்சரைத் தொட்டேன். வலப்பக்கம் சட்டென்று எழும்பி, குச்சியை எடுக்கப் படுத்தது. நிற்பாட்டி, வடித்து, விளக்கைக் கிட்டப் பிடித்தோம். கொண்டென்சரின் கம்பிக்காலைச் சுற்றி ஈயம் சாம்பல் நிறமாய் உருண்டு நின்றது, பிடிக்கவில்லை. கம்பியைச் சுரண்டித் துலக்கி, புது ஈயம் வைக்க ஐந்து நிமிடம் போனது.

பழைய வால்வுகளும் நன்றாகவே இருந்தன. தட்டை மூட முன், நிற்பாட்டினால் வோல்ற் தானாக வடியட்டும் என்று, பெரிய கொண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்ரர் ஒன்றைத் தம்பியின் கையாலேயே பற்றவைக்கச் சொன்னேன். போட்டு, நிற்பாட்டி, மீற்றரை வைத்துவிட்டு இருவரும் இலக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.