வியர்வை உலராத ஊரில் ஒரு கர்ப்பிணியின் நடைப்பயிற்சி

பினாங்கின் ஆயர் ஈத்தாமிலிருந்து ஐந்து மாதக் கர்ப்பிணியான வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலை ஏழு மணிக்குத் தண்ணீர்மலைப் பூங்காவில் நடக்கிறேன். அப்போது ஈரப்பதம் 95 விழுக்காடு என்று கைப்பேசி காட்டுகிறது, மதியத்தில் 65தான். உடல் சூடேறாமல் இருக்க மதியம் நடப்பதுதான் நல்லதா?"

நடக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். கருவில் இருக்கும் குழந்தை தாயைவிட ஏறக்குறைய அரை டிகிரி சூடாக இருக்கிறது. அதன் வெப்பத்தின் பெரும்பகுதி நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்தில்தான் இறங்க வேண்டும். தாயின் உள்வெப்பம் ஏறினால் இருவருக்கும் இடையிலான அந்த வெப்ப வேறுபாடு குறைந்துவிடும். உள்வெப்பம் 39 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது, குறிப்பாகக் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடும் முதல் வாரங்களை எண்ணித்தான். கர்ப்பிணியின் உடலும் சும்மா இருப்பதில்லை. தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது, வழக்கத்தைவிடச் சீக்கிரமே வியர்க்கத் தொடங்குகிறது.

என்னை மயக்குவது அந்த வியர்வைதான். அறுபது கிலோ உடலை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 90 மில்லிலிட்டர் வியர்வை, அதாவது அரைக் கோப்பைக்கும் குறைவான நீர், ஆவியானாலே போதும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழும் துளி ஏறக்குறைய எதையும் குளிர்விப்பதில்லை.

ஆவியாதலைத் தீர்மானிப்பது கைப்பேசி காட்டும் விழுக்காடு அன்று. தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடுதான். 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலில் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். காலையில் 25 டிகிரி, 95 விழுக்காடு என்றால் காற்றில் 3.0, மதியத்தில் 32 டிகிரி, 65 விழுக்காடு என்றால் 3.1. விழுக்காடு இவ்வளவு மாறியும் காற்றிலுள்ள நீர் ஏறக்குறைய அதே அளவுதான்! உணவுக்கடை மேசையில் வைத்த தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) குவளை காலையிலும் மதியத்திலும் ஒன்றுபோலவே வியர்த்து வழிவதைப் பார்த்தாலே இது விளங்கும். ஆகவே வியர்வை உலர்வதில் மதியத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. தோலைத் தொட்டுச் செல்லும் காற்று காலையில் பத்து டிகிரி குளிர்ச்சியாகவும் மதியத்தில் மூன்று டிகிரி மட்டுமே குளிர்ச்சியாகவும் இருக்கிறது, வெயில் வேறு. காலையே மேல்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். 2019இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, 25 டிகிரி, 45 விழுக்காடு ஈரப்பதத்தில் 35 நிமிடம் வரை கடுமையாக உடற்பயிற்சி செய்த கர்ப்பிணிகள்கூட 39 டிகிரியை எட்டவில்லை என்று காட்டியது. ஆறுதலான செய்திதான். ஆனால் அந்தக் காற்றில் ஆவியாதலுக்கான வேறுபாடு 4.2 கிலோபாஸ்கல், பினாங்கில் நமக்குக் கிடைப்பது அதில் அறுபது விழுக்காடு. நம் காற்றிலேயே நம் பெண்களை வைத்து அளக்க நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு ஆகாது.

உலர மறுக்கும் வியர்வையை உலரவைக்க வழி, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விரட்டுவதுதான். வீட்டு மின்விசிறியின் முன் நின்ற இடத்தில் நடப்பது, காற்று அசையாத மரநிழலில் நடப்பதைவிட நன்றாகக் குளிர்விக்கும். கர்னி டிரைவ் கடற்காற்றும் அப்படியே. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று மாமியார் தடுப்பதாகவும் வாசகி எழுதியிருக்கிறார். பிடிக்காது. அந்தத் தண்ணீர் உடல்சூட்டுக்கு வரும்வரை தாயின் வெப்பத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். மாமியாரே ஒரு குவளை ஊற்றிக் கொடுக்கலாம்.