எல்டிஎல் 105: ரிப்போர்ட்டில் விடுபட்டது என்ன?

ஒரு லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 190, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 250, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 105. எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். மொத்தம் 200-க்குள்தானே, எல்டிஎல்லும் பரவாயில்லையே என்று மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் பல லேப்களில் அந்த 105 நேரடியாக அளந்த எண் அல்ல. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து (190 − 35 − 50) போட்ட கணக்கு. 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு பிசகும். 400-ஐத் தாண்டினால் இதைப் பயன்படுத்தவே கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கொலஸ்ட்ரால் ரத்தத்தில் சிறு துகள்களில் ஏறித்தான் பயணிக்கிறது. எல்டிஎல் எண் சொல்வது அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்குவதோ துகள். சர்க்கரை நோய், தொப்பை, கூடுதல் ட்ரைகிளிசரைடு உள்ளவர்களிடம் துகள்கள் சிறுத்து, ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் குறைந்திருக்கும். அளவு நார்மலாகத் தெரியும், எண்ணிக்கை எகிறியிருக்கும். இப்படிப் படியும் துகள் ஒவ்வொன்றிலும் அப்போ பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதனால் அப்போ பி-யை அளப்பது துகள்களை எண்ணுவதற்குச் சமம். அது டெசிலிட்டருக்கு 130 மில்லிகிராமைத் தொட்டால் ஆபத்தைக் கூட்டும் காரணியாகக் கொள்ள வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் வைக்கும் இலக்கு 65-க்குக் கீழ். அப்போ பி பார்க்க வழியில்லையென்றால் மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழியுங்கள். நமது ரிப்போர்ட்டில் 155 வரும். தனி டெஸ்ட் தேவைப்படாத இந்த நான்-எச்டிஎல் எண்ணை யாரும் கவனிக்காமல் விடுவதுதான் வருத்தம்.

அடுத்தது லிப்போபுரோட்டீன் (ஏ), எல்டிஎல் போன்ற இன்னொரு துகள். பரம்பரையாக வருவது, சாப்பாடும் உடற்பயிற்சியும் இதைப் பெரிதாக அசைப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம், அல்லது லிட்டருக்கு 125 நானோமோல், இவற்றுக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது. ஆளுக்கு ஆள் இந்தத் துகளின் பருமன் மாறுவதால் ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்குப் பெருக்கி மாற்ற முடியாது. ரிப்போர்ட்டில் எந்த அலகு என்று முதலில் பார்க்க வேண்டும். அளவு அதிகம் என்று வந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பார்ப்பது நல்லது. இதை மாற்ற முடியாவிட்டாலும் எல்டிஎல், ரத்த அழுத்தம், புகை எல்லாவற்றையும் இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தலாம் என்பதால்தான் இந்த டெஸ்ட்டுக்கு மதிப்பு.

அப்போ பி, லிப்போபுரோட்டீன் (ஏ) இரண்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. ட்ரைகிளிசரைடு அதிகம் என்று தெரிந்தால் மட்டும் 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மறுபடி பார்க்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் ரத்தம் செறிந்து எண்கள் பொய்யாக உயரும். கடும் காய்ச்சல், ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்தால் எல்டிஎல் பொய்யாக இறங்கும். சில வாரம் பொறுங்கள். டெஸ்ட்டுக்காக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு எண் எங்கே நிற்கிறது என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டியது.